செற்றியைக் கவிழ்த்துப் பாருங்கள்

சென்ற மாதம் படுவான்கரையில் ஓர் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். கணவர் காணாமல் போன பின் இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசியாயிற்று. எங்கள் வழக்கப்படி வீடு மகளுக்குத்தானே. "வீட்டைக் குடுத்தாப் போதுமா புள்ள, ஹோலில ஒரு செற்றி இல்லாட்டி மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பாங்க?" என்றார்.

கையில் கடையொன்றின் விளம்பரத் தாள். 'எல்' வடிவச் செற்றி. உடன் காசுக்கு 155,000 ரூபாய். தவணைக்கு மாதம் 9,500 படி 24 மாதம். இருவரும் இருந்து கணக்குப் பார்த்தோம். 228,000. வித்தியாசம் மட்டும் 73,000! அக்கா சற்று நேரம் பேசவில்லை.

ஆசைப்படுவது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். நாள் முழுக்க அடுப்படியில் நின்றவருக்கு முதுகு சாய்க்க ஓர் இருக்கை வேண்டும்தான்.

2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் தளபாட லொறிகள் வாசலுக்கே வருகின்றன. முன்பு பாதையில் ஏற்றித்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். இப்போது வருபவற்றில் பல, காலே தெரியாமல் தரையோடு ஒட்டிய அகலச் செற்றிகள். 550 சதுர அடி வீட்டுத்திட்ட வீட்டில் அது ஹோலை அடைத்துவிடும். அதோடு 2011 ஜனவரி வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். மரத்தூளையும் சிராயையும் பசையிட்டு அழுத்திய பலகை தண்ணீர் குடித்தால் ஊதிவிடும். காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது, திருகாணி பிடிக்காது. ஆகவே கடையில் வெட்கப்படாமல் செற்றியைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். அடித்துணிக்குள் இருப்பது மரமா, அழுத்திய பலகையா? கால் எவ்வளவு உயரம்? உறையைக் கழற்றித் தோய்க்கலாமா? ரெக்சின் என்றால் எங்கள் வெக்கைக்கு முதுகில் ஒட்டும்.

அக்காவின் குசினிப் பக்கம் தகப்பன் காலத்துப் பிரம்புக் கதிரைகள் இரண்டு, பின்னல் அறுந்து, மேலே விறகு அடுக்கியபடி கிடந்தன. 1950களில் இந்தியாவின் சண்டிகார் நகரத்து அரச அலுவலகங்களுக்காக, பியர் ஜெனரே என்ற சுவிஸ் கட்டடக் கலைஞர் தேக்கும் பிரம்பும் கொண்ட கதிரைகளை வடிவமைத்தார். பழசென்று கழித்துவிடப்பட்ட அவை பின்னர் வெளிநாட்டு ஏலங்களில் பெரும் விலைக்குப் போயின. இன்று அந்தப் பாணிதான் அங்கே பஷன். காற்றுப் புகும், கனமில்லை, வெள்ளம் வந்தால் ஒரு பெண்ணே தூக்கி மேசைமேல் வைக்கலாம். சொன்னபோது அக்கா நம்பவில்லை. "இந்தக் கதிரைக்கா?" என்று சிரித்தார். மகள்தான் விறகை இறக்கி வைத்துவிட்டுத் துடைக்கத் தொடங்கினாள்.

கதிரைகளைப் பின்னக் கொடுத்திருக்கிறார்கள். ஊர் ஓடாவியாரிடம் வேப்பமரத்தில் மூவர் இருக்கும் செற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லியாயிற்று. குஷன் தனி, உறையை மகளே தைக்கிறாள். காசைச் சீட்டு விழுந்ததும் கொடுப்பதாகப் பேச்சு. கால் ஓர் அடி உயரம் இருக்கவேண்டும் என்று அக்கா ஓடாவியாரிடம் இரண்டு தரம் சொன்னார்.