ஆறு மாத உத்தரவாதமும் மூன்று மாத அவகாசமும்

மட்டக்களப்பிலும் காத்தான்குடியிலும் கைத்தொலைபேசிக்கு உறையும் திரைக்கண்ணாடியும் வாங்குவோர் முதலில் கேட்பது உத்தரவாதத்தையே. ஒட்டிய கண்ணாடி சில வாரங்களில் வெடித்தால், ‘உடைவுக்கு உத்தரவாதம் இல்லை’ என்கின்றனர். உடைவிலிருந்து காப்பதற்கென விற்கப்படும் பொருளுக்கு இது விசித்திரமான நிபந்தனைதான். நீர் புகாது என்ற வாய்ச்சொல்லை நம்பி உறை வாங்கி வாவியில் தோணி இறக்கும் மீனவருக்கோ, இழப்பு உறையின் விலையோடு நிற்பதில்லை, தொலைபேசியே போய்விடுகின்றது.

சட்டம் இல்லாமல் இல்லை. வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ அளித்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் பற்றிய முறைப்பாட்டை விசாரிக்க, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு அதிகாரமளித்துள்ளது. ஆனால் முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து 3 மாதங்களுக்குள் செய்யப்பட வேண்டும். 6 மாத உத்தரவாத அட்டையை வைத்துக்கொண்டு, ‘நாளை வாருங்கள்’ என்ற பதிலுக்கே நான்காம் மாதம்வரை அலைபவர் இதனை அறிவதில்லை. கடைக்காரருக்கும் இந்தக் காலதாமதம் வசதியாகிவிடுகின்றது.

கேட்டால் பற்றுச்சீட்டு வழங்குவது வியாபாரியின் சட்டக் கடமை. எத்தனை மாதம், எதற்கு உத்தரவாதம் என்பதையும் பாவனையாளர் அதிலேயே எழுதிப் பெறுதல் வேண்டும். முறைப்பாட்டுக்கான அவகாசத்தை உத்தரவாதக் காலம் முடியும்வரை நீடிக்கும் திருத்தத்தைப் பாராளுமன்றத்தில் முன்வைப்பது அரசாங்கத்தின் பொறுப்பாகும்.