வேலையைப் பிடுங்குறது யாரு?

"வடக்கத்தியான் வந்து நம்ம வேலையைப் பிடுங்குறான்"னு புலம்புற மக்களே, 2015 ஜனவரி 31 ஞாபகம் இருக்கா? ராணிப்பேட்டை சிட்கோவில் தோல் கழிவுநீர் நிலையத்தோட தொட்டிச் சுவர் உடைஞ்சு, பக்கத்துத் தொழிற்சாலையில தூங்கிட்டிருந்த 10 பேர் சேத்துல மூழ்கிச் செத்தாங்க. அதில் 9 பேர் மேற்கு வங்கத்துக்காரங்க. வேலையும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான். இதையா பிடுங்கிட்டாங்க?

நம்ம ஆம்பூர்க்காரர் வளைகுடா போனா அந்நியச் செலாவணி. என்னை மாதிரி பொட்டி தட்டுறவன் அமெரிக்கா போனா சாதனை. 2025 செப்டம்பர்ல ஹெச்1பி விசாவுக்கு ட்ரம்ப் 1 லட்சம் டாலர் கட்டணம் போட்டதும் கொதிச்சோமே, அவங்க சொன்ன காரணமும் இதேதானே சாமி!

கூலி குறையுதா? குறைச்சுக் கொடுக்கிற முதலாளியைக் கேளுங்க. வந்தவனுக்கும் அதே கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடைச்சா, யார் வேலையை யார் பிடுங்க முடியும்?