வாய்தா தேதி யாருக்குத் தெரிகிறது?

போன மாதம் ஒரு மாலை, கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்துக்கு வெளியே உள்ள டீக்கடையில் ஒரு பெரியம்மா என்னிடம் பிளாஸ்டிக் கவர் ஒன்றை நீட்டினார். எங்கள் தெருவிலிருந்து மூன்று தெரு தள்ளி இருப்பவர். உள்ளே நான்காக மடித்து மடித்து மடிப்பிலேயே கிழிந்துபோன எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரி சீட்டு, கலெக்டருக்குக் கொடுத்த மனுவின் ஜெராக்ஸ். இரண்டரை வருடத்துக்கு முன்பு ஊர்த்தெரு வழியாக வண்டியில் வேகமாகப் போனான் என்று சொல்லி அவருடைய மகனை அடித்தார்கள். சாதிப் பெயரைச் சொல்லித்தான் அடித்தார்கள். வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் வழக்கு.

"போலீசு இன்னும் ஒண்ணும் பண்ணலப்பா. போய்க் கேட்டா, மேல போயிருக்கு, வரும்ன்றாங்க."

நான் கைபேசியை எடுத்து எஃப்.ஐ.ஆர். எண்ணைத் தட்டினேன். டீ ஆறுவதற்குள் விடை வந்துவிட்டது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி ஒன்றரை வருடம் ஆகிறது. நீதிமன்றம் அதைக் கோப்பில் எடுத்து எண் கொடுத்துவிட்டது. பதினொரு வாய்தா முடிந்துவிட்டது. எதிரிகள் அத்தனை பேரும் பிணையில் வெளியே இருக்கிறார்கள். அடுத்த வாய்தா இன்னும் ஒன்பது நாளில். பதினொரு முறையும் எதிரிகளின் வக்கீலுக்குத் தேதி தெரிந்திருக்கிறது, அரசு வக்கீலுக்குத் தெரிந்திருக்கிறது, காவல் நிலையத்திலிருந்து கோர்ட்டுக்குப் போகும் காவலருக்கும் தெரிந்திருக்கிறது. அடிபட்டவனைப் பெற்றவளுக்கு மட்டும் தெரியவில்லை.

அதே வாரம் என் சித்தப்பா மகனுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். அவன் டிப்ளமோ முடித்தவன். இந்த ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய தொழிற்சாலை ஒன்றில் தேர்வாகி, மருத்துவப் பரிசோதனையும் முடித்து, சேர வேண்டிய நாளுக்காகக் காத்திருந்தான். கல்லூரியில் படிக்கும்போது ஒரு சாலை மறியலில் உட்கார்ந்திருந்தான். 'சட்டவிரோதமாகக் கூடியது' என்று நாற்பது பேர் மீது போட்ட எஃப்.ஐ.ஆரில் அவன் பெயரும் இருந்தது. காசு வாங்கிக்கொண்டு பின்னணி விசாரிக்கும் ஏஜென்சிக்கு அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள்கூட ஆகவில்லை. "பிறகு தொடர்பு கொள்கிறோம்" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் பிறகு ஒன்றுமில்லை.

ஆவணம் ஒன்றுதான். சேரிப் பையனின் வேலையைப் பிடுங்க வேண்டுமென்றால் அது இரண்டு நாளில் கிடைக்கிறது. சேரித் தாய்க்கு மகனின் வழக்கு எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டுமென்றால் இரண்டரை வருடமாக 'மேலே' போய்க்கொண்டே இருக்கிறது. எந்த மேலே?

இதைத் தொழில்நுட்பக் கோளாறு, விழிப்புணர்வு இல்லாமை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சட்டம் எந்தச் சந்தேகத்துக்கும் இடம் வைக்கவில்லை. 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவைப் படியுங்கள். பிணை விசாரணை உட்பட நீதிமன்றத்தில் நடக்கும் எதைப் பற்றியும் பாதிக்கப்பட்டவருக்கு முறையாக, சரியாக, உரிய நேரத்தில் தகவல் போக வேண்டும். பிணை கொடுப்பதற்கு முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும். இது ஏதோ மரியாதைக்குச் செய்வதல்ல, கட்டாயம் என்று 2021இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 14ஆம் பிரிவு, குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து கூடுமானவரை இரண்டு மாதத்தில் விசாரணையை முடிக்கச் சொல்கிறது. ஒன்றரை வருடத்தில் பதினொரு வாய்தா என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இழப்பீடும் கட்டம் கட்டமாகத்தான் வருகிறது: எஃப்.ஐ.ஆருக்கு ஒரு பங்கு, குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போனதும் ஒரு பங்கு என்று. குற்றப்பத்திரிகை போனதே தெரியாதவர் எந்தப் பங்கைப் போய்க் கேட்பார்?

சாட்சி பிறழ்வது கூண்டில் ஏறும் நாளில் நடப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அது நடப்பது இந்த இடைவெளியில்தான். எதிரி பிணையில் வந்து அதே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். நம் ஆளுக்கு வழக்கு உயிரோடு இருக்கிறதா என்பதே தெரியாது. "எதுக்கு வீண் அலைச்சல், பேசி முடிச்சுக்கலாம்" என்று ஊர்ப் பெரிய மனிதர் வரும்போது, கையில் ஒரு தேதிகூட இல்லாத மனிதர் எதைப் பிடித்துக்கொண்டு 'முடியாது' என்பார்?

ஆகவே தோழர்களே, தேடக் கற்றுக்கொள்ளுங்கள். இதற்கு வக்கீல் படிப்பு தேவையில்லை. இ-கோர்ட்ஸ் என்ற இணையதளமும் அதே பெயரில் செயலியும் இருக்கின்றன. கட்டணம் கிடையாது. மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் மூன்றையும் தேர்ந்தெடுத்தால் வழக்கு எண், எஃப்.ஐ.ஆர். எண், தரப்பினர் பெயர், வழக்கறிஞர் பெயர் என்று பல வழிகளில் தேடலாம். பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். ஒரே முருகனை ஆங்கிலத்தில் நாலு விதமாக அடித்து வைத்திருப்பார்கள். இன்னொரு முருகனின் வழக்கை எடுத்து வந்து முகநூலில் போட்டு ஒரு அப்பாவியை நாறடிக்கும் வேலையும் நடக்கிறது. எஃப்.ஐ.ஆர். எண், ஆண்டு, காவல் நிலையம், இவை போதும். வழக்கு கிடைத்ததும் மேலே பதினாறு இலக்கத்தில் சி.என்.ஆர். என்று ஒன்று இருக்கும். அதை எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த முறை நேரே அதையே போட்டுப் பார்க்கலாம். வாய்தா தேதிகளின் மேல் தட்டினால் அன்றைக்கு என்ன நடந்தது என்பது இரண்டு வரியில் இருக்கும். அந்த இரண்டு வரிகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். எதிரி எத்தனை முறை வரவில்லை, சம்மன் எத்தனை முறை திரும்பியது என்று வழக்கை இழுத்தடித்த கதை முழுதும் அதில் இருக்கும்.

ஒரு இடத்தில் கவனம் வேண்டும். கீழ் நீதிமன்றத்தில் பி.ஆர்.சி. என்று ஒரு எண் வாங்கிய வழக்கு, அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைக்கப்பட்டதும் வேறு எண் வாங்கும். பழைய எண்ணில் தேடுபவருக்கு 'முடிந்தது' என்று காட்டும். வழக்கே முடிந்துவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். அது முடியவில்லை, மாடி மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

தேடியும் ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் அதுவும் ஒரு செய்திதான். உங்கள் கையில் இருப்பது எஃப்.ஐ.ஆர்.தானா, சி.எஸ்.ஆர். ரசீதா என்று முதலில் பாருங்கள். நம் மக்களில் எத்தனையோ பேர் அந்தச் சின்ன ரசீதை வழக்கு என்று நம்பி பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். சி.எஸ்.ஆர். நீதிமன்றத்துக்கே போகாது. எஃப்.ஐ.ஆர்.தான் என்றால், காவல்துறை 'பொருண்மைப் பிழை' என்று எழுதி வழக்கை மூடியிருக்கலாம். அப்படி மூடினால் புகார் கொடுத்தவருக்கு ஆர்.சி.எஸ். நோட்டீஸ் தர வேண்டும். நீதிமன்றம் அதை ஏற்பதற்கு முன் அவர் எதிர்ப்பு மனு போடலாம். பகவந்த் சிங் வழக்கில் 1985இலேயே உச்ச நீதிமன்றம் உறுதி செய்த உரிமை இது. "என்னமோ ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க" என்று யாராவது சொன்னால் உடனே அந்தப் பேப்பரைக் கேளுங்கள்.

எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று யூத் பார் அசோசியேஷன் வழக்கில் 2016 செப்டம்பரில் உத்தரவு வந்தது. பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமானவற்றுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கைத் தீர்மானிக்க டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி வேண்டும். ஒரு கொட்டகை எரிப்பு வழக்கின் எஃப்.ஐ.ஆரைத் தேடிக் கிடைக்காமல் நான் ஒரு காவல் நிலையத்துக்குப் போனேன். "அது சென்சிடிவ் சார்" என்றார்கள். சாதிக்காரன் வைத்த தீ சென்சிடிவ். மறியலில் உட்கார்ந்த மாணவனின் பெயர் சென்சிடிவ் இல்லை. இப்படி மறைத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் முறையிடலாம், மூன்று அதிகாரிகள் கொண்ட குழு மூன்று நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. எத்தனை பேர் அப்படி முறையிட்டிருக்கிறோம்?

"ஆவணத்தைப் பார்த்தால் நீதி வந்துவிடுமா?" என்று ஒரு தோழர் கேட்டார். வராது. கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த வழக்கிலும் கட்டுக்கட்டாக ஆவணம் இருந்தது, மிராசுதார்கள் விடுதலையும் ஆனார்கள். காரும் நிலமும் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்களா என்ற ரீதியில் உயர் நீதிமன்றம் யோசித்ததை இன்றைக்கு மேடைக்கு மேடை சொல்கிறோமே, அது நமக்கு எப்படித் தெரியும்? யாரோ அந்தத் தீர்ப்பைத் தேடி எடுத்துப் படித்ததால்தான் தெரியும். கருப்பினப் பெண் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் 1895இல் 'தி ரெட் ரெக்கார்ட்' எழுதியபோது, கும்பல் கொலைகளின் கணக்கை வெள்ளையர் நடத்திய சிகாகோ டிரிபியூன் நாளேட்டிலிருந்தே எடுத்தார். நீங்கள் எழுதிய கணக்குத்தானே, மறுத்துப் பாருங்கள் என்றார். கோகுல்ராஜ் வழக்கில் முக்கிய சாட்சி பிறழ்ந்த பிறகும் 2022இல் தண்டனை வந்தது. அவருடைய தாய் சித்ரா விடாமல் போராடி விசாரணையை நாமக்கல்லில் இருந்து மதுரைக்கு மாற்ற வைத்தார். வழக்கு எங்கே நடக்கிறது, எப்படி நடக்கிறது என்று தெரிந்ததால்தான் அவரால் மாற்றக் கேட்க முடிந்தது.

இந்தச் செங்கல்பட்டுக்காரர்களுக்கு ஆவணத்தின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. 1891இல் இந்த மாவட்டத்தின் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கைதான் பஞ்சமி நில உத்தரவுக்கு வழி போட்டது. அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்று பதிவேட்டைப் புரட்டிக் கேட்டவர்கள்தான் காரணையில் நின்றார்கள். அதற்காகத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள்.

என் சித்தப்பா மகனைக் காட்டி இன்னொரு தோழர் சொன்னது வேறு: இணையத்தில் இருக்கும் எல்லாப் பெயர்களையும் அழித்துவிட வேண்டும். இந்தக் கேள்வி நீதிமன்றத்திலும் இருக்கிறது. விடுதலையான ஒருவர் தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கேட்டதை 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது, 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு ஏற்றது, அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. விடுதலையானவரின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் பெயரை அழிக்கும் வசதி வந்தால் அதை முதலில் பயன்படுத்தப்போவது யார்? பெரிய வக்கீல் வைக்க முடிந்தவன்தான். மேலவளவில் ஆறு பேரை வெட்டிய வழக்கின் ஆயுள் கைதிகள் 13 பேரை 2019இல் சத்தமில்லாமல் வெளியே விட்டார்களே, அந்த அரசாணையைக் கண்ணில் பார்க்கவே நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. இருட்டு யாருக்கு உதவும் என்று நமக்குத் தெரியும். அழிக்க வேண்டியது ஆவணத்தை அல்ல, ஒரு எஃப்.ஐ.ஆரைப் பார்த்ததும் கதவை மூடும் முதலாளியின் அதிகாரத்தை. அமெரிக்காவில் சிறை சென்று வந்தவர்களே திரண்டு, வேலை விண்ணப்பத்தில் 'குற்றப் பின்னணி உண்டா' என்று கேட்கும் கட்டத்தை நீக்கச் சொல்லிப் போராடினார்கள், பல மாநிலங்களில் வென்றார்கள். இங்கே, வழக்கு என்ன தன்மையது என்று பார்க்காமல் கண்மூடி ஒதுக்கக் கூடாது என்று அரசு வேலை தொடர்பான அவதார் சிங் வழக்கில் 2016இலேயே தீர்ப்பு இருக்கிறது. தனியார் ஆலை வாசலில் அதைக் கேட்க எந்தத் தொழிற்சங்கம் தயார்?

கடைசியாக நம் மீதும் ஒரு கல். பெரியம்மாவின் மகன் அடிபட்ட அன்று நாம் போனோம். சுவரொட்டி ஒட்டினோம், கண்டன ஆர்ப்பாட்டத்தில் நானே பேசினேன், படமும் போட்டேன். அதன் பிறகு பதினொரு வாய்தாவில் ஒரு வாய்தாவுக்குக்கூட நம்மில் ஒருவரும் அந்த நீதிமன்றப் படி ஏறவில்லை. தேதி அவருக்குத் தெரியாமல் போனதற்குக் காவல்துறை காரணம். எனக்குத் தெரியாமல் போனதற்கு யார் காரணம்? கைபேசி அன்றும் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

பன்னிரண்டாவது வாய்தாவுக்குக் காலை வண்டியில் பெரியம்மாவும் நானும் செங்கல்பட்டு போனோம். எதிரிகளின் வக்கீல் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிணைக்கு முன் எங்களுக்குத் தகவல் வரவில்லை என்று 15ஏ பிரிவைச் சொல்லி அரசு வக்கீலிடம் மனு கொடுத்தோம். சாட்சி விசாரணைக்கு அடுத்த மாதம் தேதி போட்டிருக்கிறார்கள். பெரியம்மா அந்தத் தேதியை எஃப்.ஐ.ஆர். நகலின் பின்பக்கம் பேனாவால் எழுதச் சொன்னார். மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். செங்கல்பட்டு வண்டியில் இன்னும் இடம் இருக்கிறது.