கடைமடையில போய் அளந்து பாருங்க



2023-ல் மத்திய அரசோட நிலக்கரி ஏலப் பட்டியல்ல எங்க ஒரத்தநாடு பக்கத்து வடசேரியும் இருந்துச்சு. கூடவே மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு. டெல்டா முழுக்க எதிர்ப்பு கிளம்பின உடனே மூணையும் எடுத்துட்டாங்க. ஆனாலும் நகரத்து நண்பர்கள் சிலர் இன்னும் கேக்குறாங்க: "முறையா ஆய்வு பண்ணிட்டுத் தோண்டினா என்னங்க தப்பு?"

நியாயமான கேள்விதான். அந்த ஆய்வை எப்படிப் பண்றாங்கங்குறதுலதான் எனக்குப் பிரச்சினை. பொதுவா சுரங்கத்தைச் சுத்தி 10 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டு, அதுக்குள்ள மண்ணு, காத்து, தண்ணி எல்லாம் பார்ப்பாங்க. தண்ணி வட்டமா ஓடாதுங்களே! பள்ளத்தைப் பார்த்துல்ல ஓடும்.

நெய்வேலியை எடுத்துக்குங்க. 1930-கள்ல அங்க நிலக்கரி இருக்குன்னு காட்டிக்கொடுத்ததே ஒரு விவசாயி நிலத்துல போட்ட ஆழ்துளைக் கிணத்துத் தண்ணிதான். கரி அடுக்குக்குக் கீழ ஊத்து நல்ல அழுத்தத்தோட நிக்குது. அதை ராப்பகலா இறைச்சாத்தான் மேல கரி வெட்ட முடியும். வெட்டிக் கொட்டுற மேல்மண்ணு மலையா நிக்குது. மழை பெஞ்சா கரைஞ்சு ஓடைக்கு வரும், ஏரி மேடாகும். அந்தப் பக்கத்துப் பரவனாறு பெருமாள் ஏரி வழியாப் போய் கடலூர்கிட்ட கடல்ல சேருது. அந்த ஆத்தைத் திருப்பிவிடக் கால்வாய் வெட்டத்தான் 2023 ஜூலையில வளையமாதேவியில விளைஞ்சு நின்ன நெல்லுக்குள்ள இயந்திரம் இறங்குச்சு.

"சுரங்கத் தண்ணியில பாசனம் நடக்குதே"ம்பாங்க. உண்மைதான். வாலாஜா ஏரிக்கு வருது, சென்னைக்குக் குடிக்கவும் போயிருக்கு. ஆனா அது பூமிக்குள்ள காலகாலமா சேர்ந்த இருப்பு. இருப்பை எடுத்துச் செலவு பண்ணிட்டு வரவுன்னு கணக்கு எழுதலாமா?

எங்க ஊர்ல ஜூன் 12 மேட்டூர் திறந்தாலும் தண்ணி வந்துடுச்சுன்னு யாரும் சொல்லமாட்டோம். கடைமடைக்காரன் வயல் நனையணும், அப்பத்தான் வந்ததா அர்த்தம். சுரங்க ஆய்வுக்கும் அதே அளவுகோலை வைங்க. தோண்டுறதுக்கு முன்னாடியே ஊர் ஊரா கிணத்து நீர்மட்டத்தைக் கோடையிலயும் மழையிலயும் எழுதி வைக்கணும். ஓடை தொடங்குற இடத்துலேர்ந்து கடல்ல விழுற இடம் வரைக்கும் தண்ணியையும் அடிவண்டலையும் வருஷா வருஷம் சோதிக்கணும். முடிவைத் தமிழ்ல, கிராம சபையில வாசிக்கணும். சுரங்கக்காரங்க காசு குடுத்து அமர்த்துன ஆளே அளக்குறது, கடன் வாங்கினவனே வட்டி போடுற மாதிரி.

இப்ப பட்டியல்ல இல்லன்னாலும், பூமிக்குள்ள கரி அப்படியேதான் கெடக்கு. நாளைக்கு வேற பேர்ல வரலாம். அப்ப வளர்ச்சியா விவசாயமான்னு டிவியில பட்டிமன்றம் நடக்கும். நீங்க அதுல பக்கம் சேர வேணாம். "கடைமடையில அளந்தீங்களா?"ன்னு மட்டும் கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் கையெழுத்து விழக் கூடாது.