ரூபாய் சரிந்தால் முதலில் சரிவது கூலி

ஒரு நாட்டின் பணம் மதிப்பிழந்தால் யாருக்கு நட்டம்? நிலமும் தங்கமும் வைத்திருப்பவர் ஓரளவு தாக்குப்பிடிப்பார். அன்றாடக் கூலியை மட்டுமே நம்பியிருப்பவர் என்ன செய்வார்? 2022-ல் இலங்கையில் நடந்ததை நாம் இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும்.

2019 இறுதியில் அந்நாட்டு அரசு வரிகளைப் பெருமளவு குறைத்தது. பின்னர் கொரோனாவால் சுற்றுலா வருமானமும் நின்றது. அரசு வருவாயில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வட்டிக்கே போனது. புதிய கடன் தர வெளிநாட்டவர் முன்வரவில்லை. மத்திய வங்கி பணத்தை அச்சடித்தது. டாலர் கையிருப்பு கரைந்தது. சுமார் 200 ரூபாயாக இருந்த ஒரு டாலர், 2022 மார்ச்சுக்குப் பின் இரண்டே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது.

வட்டியை உயர்த்தினால் பணத்தின் மதிப்பு நிற்கும் என்பது பொதுவிதி. ஏப்ரல் 8 அன்று ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தினார்கள். ஆனால் கழுத்தளவு கடனில் இருக்கும் அரசுக்கு, உயரும் வட்டியே புதிய சுமை. நான்கே நாளில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்தது. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது.

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைப்போரில் பலர், தமிழகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதியினரின் வழிவந்தவர்கள். நீண்ட போராட்டத்துக்குப் பின் 2021-ல்தான் அவர்களின் நாள்கூலி 1,000 ரூபாயானது. அன்று அது 5 டாலர். ஓராண்டில் 3 டாலருக்கும் கீழ். கூலியை யாரும் வெட்டவில்லை. ரொட்டிக்கான கோதுமை மாவின் விலை அதைத் தின்றுவிட்டது.

இதைத்தான் அண்ணல் அம்பேத்கர் 1923-ல் வெளியிட்ட 'ரூபாயின் சிக்கல்' நூலில் ஆராய்ந்தார். வெளிநாட்டு மாற்று மதிப்பைவிட, உள்நாட்டில் ரூபாயின் வாங்கும் சக்தி நிலையாக இருப்பதே முக்கியம் என்றார். விலை ஏறும் வேகத்தில் கூலி ஏறாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

நிதிநிலை அறிக்கையை மாணவர்கள் வாசிக்கப் பழக வேண்டும். நம் ஒன்றிய அரசும் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் சுமார் 20 பைசாவை வட்டிக்குக் கொடுக்கிறது. கடன் எதற்கு, அதைச் சுமப்பவர் யார் என்று கேட்போம். விலைவாசி ஏறும்போது வேளாண் கூலியும் கூடவே ஏற வேண்டும் என்பது சலுகை அல்ல, நம் உரிமை.