மூன்று ப்ரீஆம்ப், முப்பது கேபிள், ஒரே ஒரு பட்டன்... கிட்டார் ரேக்குக்குள் என்னதான் நடக்கிறது?

ஒரு ராக் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் கிட்டார் மணியடித்தது போல அத்தனை தெளிவாக ஒலிக்கும். கோரஸ் வந்ததும் அதே கிட்டார் கரகரவென்று உறுமும். சோலோவில் வயலின் போல நீண்டு அழும். ஸ்டுடியோவில் இது ஒரு பிரச்னையே இல்லை. மூன்றையும் மூன்று ஆம்ப்களில் தனித்தனியாகப் பதிவுசெய்து ஒட்டிவிடலாம். மேடையில் என்ன செய்வது? இரண்டு கைகளும் கிட்டாரில் இருக்கின்றன. மிச்சமிருப்பது கால்கள்தான்.

அந்தக் கால்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் போகும் பாட்டில் ஒரு தட்டுக்குக் கிடைப்பது அரை நொடி. அதற்குள் கோரஸ் பெடலை அணைத்து, டிஸ்டார்ஷன் பெடலைப் போட்டு, ஆம்பின் சேனலை மாற்றி, டிலேயையும் கூட்ட வேண்டும். ஒரு பெடல் தவறினாலும் சோலோ டிரம்ஸுக்குள் மூழ்கிவிடும். வெளிநாட்டு கிட்டார் கலைஞர்கள் இதை 'டேப் டான்ஸ்' என்று கிண்டலாகச் சொல்வார்கள். ஆடுபவருக்கு மட்டும் அது கிண்டலாக இருந்ததில்லை.

இந்த அவஸ்தைக்குத் தீர்வாக வந்ததுதான், பழைய கச்சேரி வீடியோக்களில் கலைஞருக்குப் பின்னால் ஃப்ரிட்ஜ் உயரத்துக்கு நிற்கும், விளக்குகள் மினுக்கும் அந்தப் பெட்டி. அதன் பெயர் ரேக்.

முதலில் ப்ரீஆம்ப்!

எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிக்குக் கீழே ஒரு காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச்சுருளும் இருக்கின்றன. கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். ரொம்பவும் பலவீனமான மின்சாரம் அது. பெரும்பாலும் ஒரு வோல்ட்டைக்கூட எட்டாது. அதை ஸ்பீக்கர் வரை கொண்டுபோக ஆம்பில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டமான ப்ரீஆம்ப், சிக்னலைத் தூக்கிவிட்டு, பாஸ், ட்ரெபிள் எல்லாம் சேர்த்து அதற்கு ஒரு குணம் கொடுக்கிறது. அடுத்த கட்டமான பவர் ஆம்ப், ஸ்பீக்கரை அசைக்கும் பலத்தைக் கொடுக்கிறது. ருசியில் பெரும்பங்கு ப்ரீஆம்புடையது.

நல்ல கிட்டார் ப்ரீஆம்ப்கள் பலவற்றில் இன்றைக்கும் இருப்பது தாத்தா காலத்து ரேடியோவில் இருந்த அதே ரக வால்வுதான். 12ஏஎக்ஸ்7 என்ற சிறிய கண்ணாடிக் குழாய். அதன் சக்திக்கு மீறி சிக்னலைத் திணித்தால் ஒலி அலையின் உச்சி மழுங்கி, கரகரப்பு உண்டாகும். ரேடியோ மெக்கானிக்குக் கோளாறாகத் தெரிந்த அந்தக் கரகரப்புதான் ராக் இசையின் உயிர்.

சிக்கல் எங்கே என்றால், தெளிவான ஒலியை அழகாகக் கொடுக்கும் ப்ரீஆம்ப், உறுமலில் சொதப்பும். உறுமலில் கில்லாடியாக இருப்பது, தெளிவான ஒலியில் டப்பாவைத் தட்டியதுபோல இருக்கும். ஒரே ஆம்பில் இரண்டு சேனல் வைத்துப் பார்த்தார்கள். பல மாடல்களில் பாஸ், ட்ரெபிள் குமிழ்கள் இரண்டு சேனலுக்கும் பொது. ஒன்றுக்குச் சரியாகத் திருகினால் மற்றொன்று கெடும். சாம்பாருக்கும் ரசத்துக்கும் ஒரே பாத்திரம் என்றால் என்ன ஆகும்? அதே கதைதான்.

'பிடித்த ப்ரீஆம்ப்கள் மூன்றைத் தனித்தனியாக வாங்கி ஒரே ரேக்கில் திருகிவிடலாம். பவர் ஆம்ப் மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கட்டும்' என்று யோசித்தார்கள். சரி, மூன்றுக்கும் நடுவில் மாறுவது எப்படி?

லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கேபிள்காரர்

1980-ஐ ஒட்டி, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் பாப் பிராட்ஷா என்ற எலெக்ட்ரானிக்ஸ் இளைஞர் 'கஸ்டம் ஆடியோ எலெக்ட்ரானிக்ஸ்' என்ற சிறிய நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த ஊர் அப்போது ஸ்டுடியோ கிட்டார் கலைஞர்களின் கோட்டை. காலையில் ஒரு விளம்பரத்துக்கு வாசிப்பார்கள். மதியம் சினிமா. இரவில் பாப் ஆல்பம். 'டோட்டோ' குழுவின் ஸ்டீவ் லூகாதர் அப்படிப்பட்டவர். மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' ஆல்பத்தில், 'பீட் இட்' பாட்டின் ரிதம் கிட்டார் அவர் கைவண்ணம். மைக்கேல் லாண்டாவ் இன்னொருவர். கேட்ட ஒலியைக் கேட்ட நொடியில் கொடுக்காவிட்டால், அடுத்த ஸ்டுடியோ அழைப்பு வேறு யாருக்கோ போய்விடும். அவர்களுக்கு இது ஆடம்பரம் அல்ல, பிழைப்பு.

அவர்களுக்காக பிராட்ஷா செய்த வேலையில் ஆரவாரமான கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. கேபிள் எங்கே போகிறது என்று பார்த்தார், அவ்வளவுதான்!

பெடல்களை வரிசையாக இணைத்தால், கிட்டாரின் பலவீனமான சிக்னல் ஒவ்வொன்றுக்குள்ளும் நுழைந்து வெளியே வர வேண்டும். பெடல் அணைந்திருந்தாலும் அந்தப் பயணத்திலிருந்து தப்ப முடியாது. பத்து பெடல் என்றால் பத்து சுங்கச்சாவடிகள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒலியின் பளபளப்பு போகும். கேபிளின் நீளமும் தன் பங்குக்கு ட்ரெபிளைத் தின்னும். மேடையின் முன்பக்கம் போய், பெடல்களைச் சுற்றி, பின்னால் இருக்கும் ஆம்புக்குத் திரும்புவதற்குள் கிட்டாரின் ஒலிக்குப் போர்வை போர்த்தியது போல ஆகிவிடும்.

பிராட்ஷா பெடல்களைத் தரையிலிருந்து எடுத்து ரேக்கின் இழுப்பறைக்குள் வைத்தார். ஒவ்வொரு பெடலுக்கும், ஒவ்வொரு ப்ரீஆம்புக்கும் தனியாக ஒரு 'லூப்' போட்டார். லூப் என்றால், பிரதான சாலையிலிருந்து பிரிந்து, ஒரு கடைக்குப் போய், மறுபடி சாலையில் வந்து சேரும் கிளைப்பாதை. அதன் வாசலில் ஒரு ரிலே இருக்கும். ரிலே என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் குட்டி கேட். திறந்தால் சிக்னல் கடைக்குள் போய்வரும். மூடினால் அப்படி ஒரு கடை இருப்பதே தெரியாமல் நேராகப் போய்விடும்.

கலைஞரின் காலடியில் இருக்கும் பலகையில் கிட்டார் ஒலியே ஓடாது. வெறும் கட்டளை மட்டும்தான். 'மூன்றாவது லூப்பைத் திற, ஐந்தாவதை மூடு' என்று அது சொல்லும். ஒலி ரேக்குக்குள்ளேயே, மிகக் குறைந்த தூரத்தில் தன் வேலையை முடித்துவிடும்.

பார்ப்பவர்களின் கண் மின்னும் வால்வுகள் மீதுதான் போகும். ஆனால், இந்த ரேக்கின் ஹீரோ ப்ரீஆம்ப் இல்லை, நகத்தளவு ரிலேதான். அடுக்கடுக்காகக் கருவிகளைச் சேர்த்த பெட்டி என்று தோன்றுகிற ஒன்று, உண்மையில் அந்த நொடிக்குத் தேவையில்லாததை எல்லாம் வழியிலிருந்து விலக்கும் பெட்டி.

எண்ணுக்கு ஒரு ஒலி

1983 ஜனவரியில், கலிஃபோர்னியாவின் அனஹைமில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் கீபோர்டுகளை ஒரே கேபிளில் இணைத்துப் பேசவைத்தார்கள். அந்தப் பொதுமொழிதான் 'மிடி'. கீபோர்டுக்காகப் பிறந்தாலும், கிட்டார் ரேக்குக்குத்தான் அது வரமாக அமைந்தது. மிடியில் 'புரோகிராம் சேஞ்ச்' என்று ஒரு கட்டளை உண்டு. 128 எண்களில் ஏதாவது ஒன்றை அனுப்பினால், கேபிளில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் அந்த எண்ணுக்குத் தான் என்ன செய்ய வேண்டும் என்று நினைவில் வைத்திருப்பதைச் செய்யும்.

உதாரணத்துக்கு, பட்டன் 1: தெளிவான ப்ரீஆம்ப், கூடவே கோரஸும் கொஞ்சம் ரிவெர்பும். பட்டன் 2: உறுமும் ப்ரீஆம்ப், மற்ற எல்லாம் ஆஃப். பட்டன் 3: சோலோ ப்ரீஆம்ப், டிலே, வால்யூமில் ஒரு தூக்கல். நான்கைந்து பெடலை மிதித்த இடத்தில் ஒரே மிதி. மிடி நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் பேசும். ஒரு புரோகிராம் சேஞ்ச் கட்டளைக்கு 20 பிட். கணக்குப் போட்டால் ஆயிரத்தில் ஒரு நொடிகூட ஆகாது. ஆனால், கட்டளையை வாங்கிக்கொண்டு யோசிக்கும் கருவிகள் சில உண்டு. பழைய டிலே, ரிவெர்ப் கருவிகள் சிலவற்றில் புரோகிராம் மாறும்போது ஒரு கணம் ஒலி அறுந்துபோகும். வாங்குவதற்கு முன்பு வாசித்துப் பார்ப்பது நல்லது.

1987-ல் வந்த 'ஏடிஏ எம்பி-1', வால்வும் மிடியும் ஒரே பெட்டியில் சேர்ந்த ப்ரீஆம்ப். மைக் சோல்டானோவின் 'எக்ஸ்88ஆர்', பிராட்ஷாவும் ஜான் சூரும் சேர்ந்து உருவாக்கிய '3+' இரண்டும் மும்மூன்று சேனல்களோடு வந்தன. 90-களின் தொடக்கத்தில் மீசா பூகியின் 'ட்ரையாக்ஸிஸ்', மார்ஷலின் 'ஜேஎம்பி-1' வந்தன. பழைய சாமான் சந்தையில் இவற்றுக்கு இன்றும் மவுசு குறையவில்லை.

இன்று ஒருவர் கட்டினால்?

லூப் பெட்டி இன்று ரெடிமேடாகவே கிடைக்கிறது. வூடூ லேப் நிறுவனத்தின் 'ஜிசிஎக்ஸ்' ஒரே அடுக்கில் எட்டு லூப் கொடுக்கும். இரண்டு ப்ரீஆம்ப் துண்டுகளைச் செருகி நான்கு சேனலாக்கும் சினர்ஜி நிறுவனத்தின் 'சின்-2' போன்ற கருவிகளும் உள்ளன. ரேக்கின் அகலம் 19 அங்குலம், ஓர் அடுக்கின் உயரம் 1.75 அங்குலம். எந்த நாட்டில் வாங்கினாலும் அளவு இதுதான். எனவே, திருகுவது சுலபம். தலைவலி ஆரம்பிப்பது அதற்குப் பிறகுதான்.

மூன்று ப்ரீஆம்பையும் மூன்று லூப்பில் வைத்தால், எப்போதும் ஒன்று மட்டுமே திறந்திருக்கும்படி ஒவ்வொரு பட்டனையும் பதிவு செய்ய வேண்டும். மறந்துபோய் இரண்டு திறந்தால், ஒரு ப்ரீஆம்ப் ஊதிப் பெரிதாக்கிய ஒலி அடுத்ததன் வாய்க்குள் போய், காதைப் பிளக்கும் கீச்சல் கிளம்பும். மூன்றின் வால்யூமையும் சமன்செய்வதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கலாம். அதுவும் வீட்டின் மெல்லிய ஒலியில் செய்தது பயன்படாது, மேடை அளவு சத்தத்தில் செய்ய வேண்டும்.

அடுத்தது, 'ம்ம்ம்...' என்ற இரைச்சல். ரேக்கில் உள்ள கருவிகள் கரன்ட் பிளக்கின் எர்த் வழியாகவும் இணைந்திருக்கும், ஆடியோ கேபிளின் உறை வழியாகவும் இணைந்திருக்கும். இரண்டும் சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டால், கரன்டின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பு அதில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்பீக்கரில் கேட்பது அதுதான்.

இதற்கு மேடைகளில் பலர் செய்யும் கைவைத்தியம் ஒன்று இருக்கிறது. பிளக்கின் பெரிய பின், அதாவது எர்த் பின்னைக் கழற்றிவிடுவது. இரைச்சல் உடனே நிற்கும். கூடவே பாதுகாப்பும் போய்விடும். கருவிக்குள் கசிவு ஏற்பட்டால், ரேக்கின் உலோகச் சட்டத்திலிருந்து கிட்டார் கம்பி வரை கரன்ட் வரலாம். வியர்த்த விரலோடு கம்பியைத் தொட்டபடி, எர்த் ஆன மைக்கில் உதட்டை வைப்பவரின் உடல் வழியாகத்தான் அது பாயும். இரைச்சலை நிறுத்த, ஆடியோ கேபிளின் நடுவே ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுவதும், எல்லாக் கருவிகளுக்கும் ஒரே போர்டிலிருந்து கரன்ட் எடுப்பதும்தான் முறை. எர்த் பின்னைத் தொடவே கூடாது.

வால்வு ப்ரீஆம்புக்குள் 300 வோல்ட் சர்வசாதாரணம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் கொஞ்ச நேரம் அது தங்கியிருக்கும். மூடியைத் திறப்பது தெரிந்தவர்களின் வேலை. அமெரிக்காவிலிருந்து பழைய கருவி வரவழைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே 120 வோல்ட், இங்கே 230. கருவியில் வோல்ட்டேஜ் மாற்றும் வசதி இல்லாவிட்டால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகினால், வாங்கிய அன்றே புகைதான். வால்வுகள் சுடும் என்பதால் ப்ரீஆம்ப்களுக்கு நடுவே ஓர் அடுக்காவது காலியாக விட வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு?

நியாயமான கேள்வி. 1991-ல் நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' வந்த பிறகு, பளபளப்பான ரேக் ஒலியே பழசாகிப்போனது. நான்கு பெடல், ஒரு ஆம்ப் என்று இளைஞர்கள் திரும்பிவிட்டார்கள். 2006-ல் 'ஆக்ஸ்-எஃப்எக்ஸ்', 2011-ல் 'கெம்பர்' என்று வந்த டிஜிட்டல் கருவிகள், மூன்று என்ன... முந்நூறு ஆம்ப்களின் ஒலியைக் கையில் தூக்கிப்போகும் பெட்டிக்குள் அடைத்துவிட்டன. அவற்றின் பட்டன்களும் 'எண்ணுக்கு ஒரு ஒலி' என்ற அதே வழியில்தான் இயங்குகின்றன. வாரம் மூன்று கச்சேரி, ஆட்டோவில் பயணம் என்று இருப்பவர் ரேக் கட்டுவது வீண் செலவு. டிஜிட்டல் பெட்டி போதும்.

ரேக்கில் கிடைப்பது வேறு. குமிழைத் திருகினால் ஒலி மாறுவது விரலிலேயே தெரியும். ஒன்று பழுதானால் அதை மட்டும் கழற்றி ரிப்பேருக்குக் கொடுக்கலாம். முப்பது வருடத்துக்கு முந்தைய ப்ரீஆம்ப் இன்றும் புதிய வால்வு போட்டால் பாடும். அத்தனை வயதான சாஃப்ட்வேருக்கு அப்டேட் யார் தருவார்கள்?

கட்டி முடித்தவர்கள் ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் எண் ஒட்டிவைப்பார்கள். இருட்டில், மேடைக்குப் பின்னால், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தேடும்போதுதான் அதன் அருமை புரியும். அதோடு கிட்டாரிலிருந்து லூப் பெட்டியைத் தாண்டி ஒரு ப்ரீஆம்புக்கு நேராகப் போகும் அளவுக்கு நீளமான கேபிள் ஒன்றையும் ரேக்கின் பின்பக்கம் சுருட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பாட்டின் நடுவே ஸ்விட்ச்சர் செத்துவிட்டால், மீதி நிகழ்ச்சி அந்த ஒற்றைக் கேபிளில்தான் ஓடும்.