ரத்தக் கணக்கு



வங்கியில் என் கவுண்ட்டருக்குக் கள்ள நோட்டு வந்தால் அதை நான் திருப்பித் தர முடியாது. முத்திரை குத்தி, ரசீது கொடுத்து, பதிவேட்டில் ஏற்றி நிறுத்தி வைக்க வேண்டும். 'குடுங்க சார், பக்கத்து ஊரு சந்தையில தள்ளிக்கிறேன்' என்றால் அது குற்றம். ஒரு காகிதத்துக்கே இவ்வளவு சட்டம். ரத்தத்துக்கு?

ஹீமோபிலியா உள்ள பிள்ளைக்கு ரத்தத்தை உறையவைக்கும் புரதம் ஒன்று பிறவியிலேயே குறைவு. பெரும்பாலும் ஆண் பிள்ளைகள். மூட்டுக்குள் ரத்தம் கசிந்து முழங்கால் பானை மாதிரி வீங்கும். பிள்ளை ராத்திரியெல்லாம் அலறும். 1970களில் அந்தப் புரதத்தைப் பிறர் ரத்தத்திலிருந்து பிரித்துப் பொடியாக்கி 'ஃபேக்டர் 8' என்று விற்றார்கள். பெற்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கினார்கள். ஆனால் ஒரு தொகுதி மருந்துக்காக ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவை ஒரே அண்டாவில் கொட்டினார்கள். ஒருவரிடம் கிருமி இருந்தாலும் போதும், அண்டா முழுக்கக் கிருமி.

யாருடைய பிளாஸ்மா? அமெரிக்காவில் காசுக்கு விற்ற ஏழைகளுடையது, சிறைக் கைதிகளுடையது. ஆர்கன்சாஸ் மாநிலச் சிறையில் வயல்வேலைக்குக் கூலி கிடையாது. பிளாஸ்மா கொடுத்தால் சில டாலர். 1994 வரை அங்கே இது நடந்தது. காசுக்கு வாங்கும் ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி அதிகம் என்று ரிச்சர்ட் டிட்மஸ் 1970லேயே புத்தகம் போட்டு எச்சரித்திருந்தார். தெரிந்தேதான் வாங்கினார்கள். மலிவு.

பிரிட்டனில் ரத்தத்தாலும் ரத்தப் பொருட்களாலும் எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் கிருமிகளும் தொற்றியவர்கள் 30,000க்கும் மேல். செத்தவர்கள் சுமார் 3,000. ட்ரெலோர் என்ற உறைவிடப் பள்ளியில் 1970க்கும் 1987க்கும் இடையில் படித்த ஹீமோபிலியாப் பிள்ளைகள் 122 பேர். இன்று மிஞ்சியவர்கள் ஏறக்குறைய 30 பேர். அந்தப் பிள்ளைகளை ஆராய்ச்சிப் பொருளாக நடத்தினார்கள் என்றும், பெரும்பகுதி தவிர்த்திருக்கக் கூடிய கொடுமை இது என்றும் 2024 மே 20 அன்று நீதிபதி பிரையன் லாங்ஸ்டாஃப் அறிக்கை தந்தார். 'தெரியாமப் போச்சு' என்று நாற்பது வருசம் சொன்னவர்கள் அன்றைக்கு மன்னிப்புக் கேட்டார்கள்.

இன்னொன்று கேளுங்கள். பேயர் கம்பெனியின் கட்டர் பிரிவு 1984 பிப்ரவரியில் கிருமியைக் கொல்லச் சூடேற்றிய மருந்தை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. சூடேற்றாத பழைய சரக்கை ஒரு வருசத்துக்கும் மேல் ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் தள்ளியது. 2003இல் நியூயார்க் டைம்ஸ் ஆவணங்களோடு இதை வெளியிட்டபோது, பொறுப்போடுதான் நடந்தோம் என்றது கம்பெனி. என் கவுண்ட்டரில் குற்றமானது அங்கே வியாபாரம்!

இதில் 'கைதி ரத்தம் கெட்ட ரத்தம்' என்று பேசுகிறவர்களும் உண்டு. இந்தப் பேச்சு நமக்குப் புதுசா? நாம் தொட்ட தண்ணீர் தீட்டு என்ற அதே நாக்குதான் இது. நெரிசலான சிறையறை, பலருக்கும் ஒரே ஊசி, வறுமை – கிருமி வந்த வழி இவை. பிறப்பு அல்ல. ரத்தம் விற்றவனையும் ஊசி போட்டுக்கொண்டு செத்த பிள்ளையையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, நடுவில் காசு எண்ணியவன் நழுவிப் போகிறான். அவன் சட்டையைப் பிடிப்பதுதான் நம் அரசியல்.

நம் நாட்டில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி முதல் ரத்தம் விற்பது தடைசெய்யப்பட்டது. சரியான தடை. ஆனால் வயிற்றுக்காக விற்றுக்கொண்டிருந்தவனுக்கு வேறு என்ன வழி செய்தோம்?

இன்றைய ஃபேக்டரில் கிருமியைக் கொல்லும் முறைகள் உண்டு. மனித ரத்தமே இல்லாமல் செய்வதும் உண்டு. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி ஆகியவற்றின் ஆபத்து அதில் மிகக் குறைந்துவிட்டது. ஆனால் ஃபேக்டர் ஸ்டாக் இல்லாத ஆஸ்பத்திரியில் பிளாஸ்மாவையோ கிரையோவையோதான் ஏற்றுகிறார்கள். பெரும்பாலும் இவற்றில் கிருமி கொல்லும் வேலை நடப்பதில்லை. சோதனையை மட்டுமே நம்ப வேண்டும். புதிதாய்த் தொற்றிய கிருமி சோதனைக்கும் சில நாள் தப்பும். காசுள்ளவன் பிள்ளைக்கு ஃபேக்டர், கூலிக்காரன் பிள்ளைக்கு அதிர்ஷ்டமா?

கேளுங்கள். ஃபேக்டர் ஏன் இல்லை என்று கேளுங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி கேளுங்கள். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி சோதனை கேளுங்கள். சி இருந்தால் சில மாத மாத்திரையில் பெரும்பாலும் குணமாகும்.

கணக்கு கேட்காதவரை ரத்தத்திலும் கள்ளக் கணக்குதான் எழுதுவார்கள்.